போர்டு வாங்கும் முன் அது ஏன் போனது என்று பாருங்கள்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் சின்னதாகக் கேட், கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். 250 ஆம்ப் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் நாலு வருஷமாக நன்றாக ஓடியது. போன மாதம் ஒரு தோட்டத்தில் ஷெட் வேலை. அங்கிருந்தவர் கிணற்று மோட்டார் பெட்டியிலிருந்து லைன் எடுத்துக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று சத்தம், புகை. பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டால் எம்சிபி விழுகிறது. மெக்கானிக் ஒருவர் நாலு ஐஜிபிடி (கரன்ட்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்கிற பவர் டிரான்சிஸ்டர்) மாற்றினார். சுவிட்ச் போட்டவுடனே அவையும் வெடித்தன. இப்போது 'போர்டே போச்சு' என்கிறார். அச்சு அசல் இதே மாதிரி போர்டு ஆன்லைனில் கிடைக்கிறது. என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது, சால்டரிங் தெரியும். நானே மாற்றலாமா? கெபாசிட்டரை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்துவிட்டு வேலை பார்த்தால் போதும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். அது சரிதானா?

பதில்: தம்பி, போர்டுக்கு இன்னும் ஆர்டர் போடாதீர்கள். சப்ளையைக் கழற்றிவிட்டு மீட்டரால் பார்க்கிற சோதனைகள் எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம். முழு போர்டைக் கழற்றி மாட்டுவதும் உங்களால் முடிகிற வேலைதான். மூடியைத் திறந்து வைத்து, கரன்ட் இருக்கும்போது உள்ளே புரோப் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். அதற்கான கருவியும் பழக்கமும் உள்ளவர் செய்யட்டும். ஸ்க்ரூடிரைவர் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன், மோட்டார் பெட்டியிலிருந்து லைன் எடுத்தோம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேச வேண்டும். மெஷின் போன காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு வருவது மூன்று ஃபேஸ். மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை என்பதால் பல பெட்டிகளில் நியூட்ரல் வயரே வந்திருக்காது. பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின்களை இரண்டு ஃபேஸில் மாட்டி ஓட்டிப் பழகியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அந்த மெஷினில் 415 வோல்ட்டுக்கென்று தனி டேப்பிங் இருக்கும், அதனால் தாங்கும். உங்களுடைய மெஷினில் அது கிடையாது.

உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். 230 வோல்ட் ஏசி, அதை டிசியாக மாற்றுகிற பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியாகப் போய் கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415 வோல்ட் கொடுத்தால் அதே இடத்தில் 587 வோல்ட் ஏறும். உங்கள் கெபாசிட்டர் மேல் 400 அல்லது 450 வோல்ட் என்றுதான் அச்சடித்திருப்பார்கள். இந்த வகை மெஷின்களில் ஐஜிபிடி பெரும்பாலும் 600 வோல்ட் ரகம். 325 வோல்ட்டில் அதற்குத் தாராளமாக இடம் உண்டு. 587 வோல்ட் நின்றால், சுவிட்சிங்கில் எழுகிற ஸ்பைக் ஒன்றே அதைக் கொன்றுவிடும். கன்ட்ரோல் பகுதிக்குக் கரன்ட் கொடுக்கிற துணை சப்ளையை நடத்தும் சின்ன டிரான்சிஸ்டரும் (மாஸ்ஃபெட்) சேர்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பார்க்காமல் ஐஜிபிடியை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போக நேர்ந்தால், பிளக்கைச் சொருகும் முன் லைனைச் சோதியுங்கள். சாதாரண நியான் டெஸ்டர் போதும். சரியான சிங்கிள் ஃபேஸ் லைனில் ஒரு ஓட்டையில்தான் எரியும். இரண்டிலும் எரிந்தால் ஒன்று இரண்டு ஃபேஸாக இருக்கும், இல்லையென்றால் நியூட்ரல் அறுந்திருக்கும். எதுவாக இருந்தாலும் சொருகக் கூடாது. அடுத்து மீட்டரை வைத்து வோல்ட்டேஜ் பாருங்கள். ஒரு ஃபேஸையும் எர்த்தையும் எடுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் டெஸ்டரும் மீட்டரும் சரியாகத்தான் காட்டும். ஆர்க் அடித்ததும் வோல்ட்டேஜ் இறங்கும், எர்த் பைப்பில் கரன்ட் ஏறும். அந்தப் பைப்பைத் தொடுகிற ஆளுக்கோ மாட்டுக்கோ என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நியூட்ரல் இல்லாத இடத்தில் சிங்கிள் ஃபேஸ் மெஷின் ஓட்டவே கூடாது. விவசாய இணைப்பிலிருந்து வெல்டிங்குக்கு எடுப்பது விதிப்படியும் தவறு. ஜெனரேட்டர் வாடகையை வேலைக் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, இனி மெஷினைத் திறப்பது. எம்சிபியை இறக்கினால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கி, கண்ணுக்கு எதிரே தரையில் போட்டுவிடுங்கள். வேறு யாரும் மாட்டிவிடக் கூடாது. மூடியைத் திறந்ததும் நிமிர்ந்து நிற்கிற பெரிய கருப்பு டப்பாக்கள்தான் கெபாசிட்டர்கள். 470 மைக்ரோஃபாரட் டப்பா நாலு இருந்தால், 325 வோல்ட்டில் அவை தேக்கி வைப்பது ஏறக்குறைய 100 ஜூல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கும். மெதுவாக இறக்கிவிட உள்ளேயே ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். ஐந்து நிமிஷம் பொறுத்திருங்கள் என்று கம்பெனி கையேடுகள் சொல்வது அதை நம்பித்தான். வெடித்த போர்டில் அந்த ரெசிஸ்டரோ அதற்குப் போகிற டிராக்கோ அறுந்திருக்கலாம். அப்படியானால் ஐந்து நிமிஷம் என்ன, நெடுநேரம் கழித்தும் அடிக்கும்.

ஸ்க்ரூடிரைவரை வைத்தால் 100 ஜூலும் ஒரு புள்ளியில், கண் இமைக்கும் நேரத்தில் இறங்கும். முனை உருகித் தெறிக்கும். கண்ணுக்குப் போனால் போனதுதான். போர்டின் செம்பு டிராக் பிய்ந்து வரும், நல்ல கெபாசிட்டரும் உள்ளே அடிபடும். அதற்குப் பதிலாக 230 வோல்ட் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, இரண்டு வயரை இழுத்து, நன்றாக இன்சுலேஷன் உள்ள புரோப் மாட்டிக்கொள்ளுங்கள். பிளஸ்ஸில் ஒன்று, மைனஸில் ஒன்று. சார்ஜ் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, மங்கி, அணைந்துவிடும். 100 வாட் பல்பு ஒரு நொடியில் தின்பது சரியாக 100 ஜூல், அதனால் கண்ணாலேயே கணக்குத் தெரியும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஒரு அளவுக்குக் கீழே வோல்ட்டேஜ் இறங்கியதும் அது கரன்ட் எடுப்பதை நிறுத்திவிடும், மிச்ச சார்ஜ் உள்ளேயே தங்கிவிடும். பல்பு கிடைக்காவிட்டால் 2.2 கிலோ ஓம், 25 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரை 20 நொடி பிடித்தாலும் சரி.

பல்பு எரியவே இல்லை என்றால் சார்ஜ் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்; ஃபியூஸ் போன பல்பாகவும் இருக்கலாம். மீட்டரை டிசி 1000 வோல்ட் ரேஞ்சில் வைத்துப் பாருங்கள். சிவப்பு லீடு 10 ஆம்ப் ஓட்டையில் மாட்டியே கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியே கெபாசிட்டரில் வைத்தால், மீட்டர் வழியாக நேரடி ஷார்ட் ஆகி அது கையிலேயே வெடிக்கும். ஓம் ரேஞ்சிலும் வைக்கக் கூடாது. அளப்பதற்கு முன்னும் பின்னும், தெரிந்த ஒரு பேட்டரியில் மீட்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இறக்கிவிட்ட பெரிய கெபாசிட்டரில் கொஞ்ச நேரத்தில் சிறிது வோல்ட்டேஜ் தானாகவே மீண்டு வரும். அதனால் கை வைக்கிற வரை பல்பு வயரைக் கிளிப் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்போது சோதனை. மீட்டரை எடுக்கும் முன் கண்ணால் பாருங்கள். இன்புட் வயர் போர்டில் வந்து சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் பொத்தான் மாதிரி வட்டமாக, நீலமாகவோ கருப்பாகவோ ஒன்று இருக்கும். மேலே 471 என்பது போல நம்பர் இருக்கும். அது வேரிஸ்டர். அதிக வோல்ட்டேஜ் வந்தால் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றுகிற பாகம். அது கருகி வெடித்திருந்தால், அதிக வோல்ட்டேஜ் போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அது ஷார்ட்டாகி நின்றால் அது ஒன்றே எம்சிபியைத் தள்ளும். கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா, அடியில் பிசுபிசுப்பாகக் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு பல்பு கிளிப்பைக் கழற்றிவிட்டு மீட்டர், டயோடு மோடில். பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் ஏசி கால் ஒவ்வொன்றையும் பிளஸ், மைனஸ் கால்களோடு ஜோடி சேர்த்து, இரண்டு திசையிலும் பாருங்கள். எந்த ஜோடியாவது இரு திசையிலும் பூஜ்யம் காட்டினால் பிரிட்ஜ் போய்விட்டது. அடுத்து கெபாசிட்டரின் பிளஸ், மைனஸ். சிவப்பை மைனஸில், கருப்பை பிளஸ்ஸில் வைத்தால் இரண்டு டயோடு வரிசையில் இருக்கிற அளவு, ஏறக்குறைய 0.8 வரும். மாற்றி வைத்தால் கெபாசிட்டர் சார்ஜ் ஆகி, எண் மெல்ல ஏறிக்கொண்டே போக வேண்டும். இரண்டிலும் பூஜ்யமென்றால் அந்த லைனில் எங்கோ ஷார்ட். ஐஜிபிடி ஒவ்வொன்றிலும் கரன்ட் ஓடுகிற இரண்டு கால்களான கலெக்டர், எமிட்டரையும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இணையாக மாட்டியவற்றில் ஒன்று செத்தாலும் மற்றவையும் செத்தது போலவே காட்டும், ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் உறுதி செய்ய முடியும்.

அவுட்புட் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். வெல்டிங் கேபிள் மாட்டுகிற பிளஸ், மைனஸ் டெர்மினலில் டயோடு மோடில் வைத்தால் ஒரு திசையில் சின்ன எண் வர வேண்டும், மறு திசையில் வரக் கூடாது. இரு பக்கமும் பூஜ்யமானால் ஃபாஸ்ட் ரெகவரி டயோடு (அவுட்புட் டயோடு) ஒன்று ஷார்ட். அதைக் கவனிக்காமல் ஐஜிபிடி போட்டால் புதியது ஷார்ட்டான லோடில்தான் ஓட வேண்டியிருக்கும்.

எங்குமே ஷார்ட் இல்லை, ஆனாலும் சுவிட்ச் போட்டதும் எம்சிபி விழுகிறது என்று வேறு மெஷினில் என்றாவது பார்த்தால், ரிலேயைச் சந்தேகியுங்கள். காலியான கெபாசிட்டர் முதல் நொடியில் ஏகப்பட்ட கரன்ட் இழுக்கும். அதைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் வைத்து, சார்ஜ் ஆனதும் ரிலே அதைத் தாண்டி இணைக்கும். ரிலே கான்டாக்ட் ஒட்டிப்போனால் ரெசிஸ்டருக்கு வேலையே இல்லாமல் போய், எம்சிபி விழும். ஒரு சின்ன ரிலேக்காக முழு போர்டை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். ரிலே இழுக்காமல் போனால், வெல்டிங் ஆரம்பித்ததும் அந்த ரெசிஸ்டர் கருகும். அதை வெறும் வயரால் இணைத்துக் கொடுக்கிற ஆட்களிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

புது ஐஜிபிடிகள் ஏன் உடனே வெடித்தன என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஐஜிபிடி ஷார்ட்டாகும்போது கெபாசிட்டர் இருக்கிற பெரிய பக்கத்து வோல்ட்டேஜ் அதன் கேட் (ஐஜிபிடியை ஆன்-ஆஃப் செய்கிற கால்) வழியாகத் திரும்பி, அந்தக் காலுக்குப் பல்ஸ் அனுப்புகிற டிரைவர் பகுதிக்குள் பாயும். அங்கே இருக்கிற சின்ன ரெசிஸ்டர், ஜீனர், டிரான்சிஸ்டர் எல்லாம் அடிவாங்கும். அப்புறம் புதிதாக எதைப் போட்டாலும் கேட்டுக்குச் சரியான பல்ஸ் போகாது. மேல் ஐஜிபிடியும் கீழ் ஐஜிபிடியும் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் கெபாசிட்டரின் 100 ஜூலும் நேராக அவற்றுக்குள்தான் போகும். ஐஜிபிடியைக் கழற்றிய நிலையில், ஒவ்வொரு கேட்டுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஓம் பாருங்கள். ஒரே போர்டில் நாலு இடமும் ஒன்றுபோல் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் கோளாறு அங்கே.

அதற்கு மேல் உள்ளது மெக்கானிக்கின் வேலை. பெரிய பக்கத்துக்குச் சப்ளை கொடுக்காமல், கன்ட்ரோல் பகுதிக்கு மட்டும் வெளியிலிருந்து 24 வோல்ட் கொடுத்து (பல மெஷின்களில் துணை சப்ளை அந்த அளவுதான்) நாலு கேட்டிலும் பல்ஸ் சரியாக வருகிறதா என்று ஆசிலோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். "கேட் பல்ஸ் பார்த்தீங்களாண்ணே?" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். பார்த்தேன் என்று சொல்பவரிடம் பழுது பார்க்கக் கொடுக்கலாம். ஸ்கோப்பே கிடையாது என்றால், அவர் கையால் இன்னொரு செட் ஐஜிபிடி போடுவதைவிட முழு போர்டு மாற்றுவதே மேல். உங்கள் மெஷினில் 415 வோல்ட் பாய்ந்து, அடுத்து ஒருமுறை வெடித்தும் இருக்கிறது. டிராக்குகளுக்கு நடுவே கருகியிருந்தால் அந்த இடம் சுரண்டினாலும் கரன்ட் கடத்தும். அதனால் முழு போர்டு என்பதே என் தேர்வும். அந்த வகையில் மெக்கானிக் சொன்னது தவறில்லை. போர்டோடு நிறுத்தாமல் அவுட்புட் டயோடு, ஃபேன், ரிலே, சுவிட்ச் எல்லாம் பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

போர்டு வாங்கும்போது 'அச்சு அசல் ஒன்றுபோல்' என்பதை நம்பாதீர்கள். போர்டின் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் மாடல் நம்பரும் வெர்ஷனும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 200 ஆம்ப், 250 ஆம்ப், 300 ஆம்ப் போர்டுகள் வெளியே பார்க்க ஒன்றாகவே இருக்கும். ஷன்ட் (கரன்ட்டுக்கு ஏற்ப சில மில்லிவோல்ட் தருகிற சின்ன ரெசிஸ்டர்) வைத்துக் கரன்ட்டை அளக்கிற மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். 200 ஆம்ப்புக்கு 75 மில்லிவோல்ட் என்று கணக்கு வைத்த கன்ட்ரோல் கார்டை, 300 ஆம்ப்புக்கு 75 மில்லிவோல்ட் தருகிற ஷன்ட் உள்ள மெஷினில் மாட்டினால், டிஸ்பிளே 200 என்று காட்டும்போது உண்மையில் 300 ஓடிக்கொண்டிருக்கும். சில நாள் ஓடிவிட்டு மறுபடி வெடிக்கும். கனெக்டர் அளவு ஒன்றாக இருந்து பின் வரிசை மாறியிருப்பதும் உண்டு. அதனால் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைச் சொல்லிக் கேட்பது முதல் வழி. அங்கே கிடைக்காவிட்டால் மட்டும் வெளியே தேடுங்கள், இரண்டு பக்கமும் தெளிவான போட்டோ அனுப்பச் சொல்லிப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாற்றும் நாளில் பழைய போர்டை ஒரு வயரைக்கூடக் கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வயருக்கு வயர் டேப் ஒட்டி எண் போடுங்கள். புது போர்டில் பெயின்ட் வைத்துச் சீல் செய்த சின்னத் திருகுகள் இருக்கும். அவை கம்பெனியில் செட் செய்த பிரிசெட்டுகள். ஸ்க்ரூடிரைவர் அருகிலேயே போகக் கூடாது. ஐஜிபிடியின் கேட் தாங்குவது பொதுவாக 20 வோல்ட். நைலான் சட்டை உரசலில் வருகிற ஸ்டேட்டிக் ஆயிரக்கணக்கில் போகும். பருத்திச் சட்டை போடுங்கள், போர்டை ஓரத்தில் பிடியுங்கள், முடிந்தால் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வைத்த ரிஸ்ட் ஸ்டிராப் கட்டுங்கள். ஆனால் பிளக் மாட்டும் முன் அதைக் கையிலிருந்து கழற்றிவிட வேண்டும். எர்த்தோடு உடம்பைக் கட்டிவைத்துக்கொண்டு லைவ் மெஷின் பக்கம் போகக் கூடாது.

ஹீட் சிங்க் விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம். பல சிங்கிள் ஃபேஸ் மெஷின்களில் ஐஜிபிடிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே இன்சுலேஷன் கிடையாது. அந்த அலுமினியக் கட்டி முழுவதும் 325 வோல்ட் டிசி லைனோடு இருக்கும். வெறும் அலுமினியம்தானே என்று ஓடும்போது விரல் வைத்தால் உயிருக்கே ஆபத்து. எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருக்கிறது என்ற தைரியமும் இங்கே வேண்டாம். பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துத் தொட்டால் எர்த்துக்கு எதுவும் போகாது, ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. மாட்டும்போது, பழையதில் மைக்கா அல்லது ரப்பர் ஷீட் இருந்த இடத்தில் எல்லாம் அதே இருக்க வேண்டும். ஹீட் சிங்க்கைத் தாங்குகிற பிளாஸ்டிக் தூணுக்குப் பதிலாக இரும்பு போல்ட் போட்டு பாடியோடு சேர்த்துவிடக் கூடாது. பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதியதை மெல்லிசாகத் தடவுங்கள். அப்பி வைத்தால் சூடு இறங்காது. அவுட்புட் செம்புப் பட்டையின் போல்ட்டுகளை நன்றாக இறுக்குங்கள்.

முதல் முறை சப்ளை கொடுப்பது சீரியல் லேம்ப் வழியாகத்தான். 200 வாட் குண்டு பல்பை ஃபேஸ் லைனில் வரிசையாக மாட்டி, மெஷின் மூடியைப் போட்டு, கண்ணாடி அணிந்து, ஒதுங்கி நின்று சுவிட்ச் போடுங்கள். பல்பு ஒரு தரம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். கெபாசிட்டர் தேக்கி வைத்ததை பல்பால் தடுக்க முடியாது, அதனால் மேலே சொன்ன சோதனைகளுக்கு இது மாற்று ஆகாது. பல்பு மங்கியபடி நின்றால், நேரடி சப்ளைக்கு மாற்றி அவுட்புட் டெர்மினலில் டிசி வோல்ட்டேஜ் பாருங்கள். பெயர்ப் பலகையில் எழுதிய ஓபன் சர்க்யூட் வோல்ட்டேஜுக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஆர்க் மெஷினில் பொதுவாக 60 முதல் 85 வரை இருக்கும், வெல்டிங் செய்யாதபோது வோல்ட்டேஜைக் குறைத்து வைக்கிற விஆர்டி உள்ளதில் குறைவாகக் காட்டும். டிக் (TIG) வெல்டிங் மெஷினாக இருந்தால், ஆர்க்கைத் தொடங்க வருகிற எச்எஃப் (ஹை ஃப்ரீக்வென்சி) ஸ்பார்க் ஓடும்போது மீட்டரை வைக்காதீர்கள், மீட்டர் போய்விடும். ஆர்க் மோடுக்கு மாற்றி அளக்க வேண்டும்.

வேலைக்கு எடுக்கும் முன் 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்) ஒரு தரம் பார்ப்பது அவசியம். மோட்டார் வைண்டிங் கடைகளில் இருக்கும். பிளக் பின்னில் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கி, மெஷின் சுவிட்ச் ஆனில் வைத்து, அவுட்புட் பிளஸ், மைனஸையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே குறைந்தது 5 மெகா ஓம், இன்புட்டுக்கும் பாடிக்கும், அவுட்புட்டுக்கும் பாடிக்கும் குறைந்தது 2.5 மெகா ஓம் வர வேண்டும். ஐஇசி 60974 தரம் கேட்பது இந்த அளவுகளைத்தான். லைனிலிருந்து எர்த்துக்கு வேரிஸ்டர் வைத்த போர்டானால் அதை அளக்கும்போது மட்டும் பிரித்துவிட வேண்டும். எர்த் பின்னிலிருந்து பாடிக்கு மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். கேபிளில் அந்த மூன்றாவது பின்னை யாராவது வெட்டியிருந்தால், போர்டு மாட்டுகிற அன்றைக்கே புதுப் பிளக்கும் போட்டுவிடுங்கள்.